பத்து வாய், ஒரே சேதி

2018 மே 9. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், போளூரை அடுத்த அத்திமூர் பகுதிக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. கோயிலுக்குப் போகிற பயணம். நடுவில் நிறுத்தி வழி விசாரித்தார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்க வந்த கும்பல் என்று சந்தேகித்த ஊர்க்கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அதற்கு முந்தைய வாரங்களில் வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான சேதிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, குழந்தைகளைக் கடத்துகிறது, புதிய முகம் தெரிந்தால் விடாதீர்கள் என்பதே அவற்றின் சாரம். ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் அருகே இந்தி பேசிய ஓர் ஆண் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அத்திமூர்ச் சம்பவம் நடந்த அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ரெயின்பாடா என்ற ஊரில் ஒரே நாளில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். எங்குமே கடத்தல்காரர் இல்லை. எங்குமே குழந்தை காணாமல் போகவில்லை.

வதந்தி நமக்குப் புதிதல்ல. 1934 ஜனவரியில் பிகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் சேகரித்து, அடுத்த ஆண்டே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்பதே அந்தச் சேதிகளில் பலவற்றின் மையம். அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் அந்தத் தரவை எடுத்து ஒரு விளக்கம் தந்தார்: மனத்தில் ஏற்கெனவே குடிகொண்ட அச்சத்துக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, அந்தக் காரணத்தை வதந்தி கொடுக்கிறது. பிள்ளையைப் பற்றிய பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஆனால் பயம் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருக்கிறது; கொலை அப்படி நடப்பதில்லை. அச்சத்துக்கும் அடிக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒருவருடைய மனத்தை மட்டும் பார்த்தால் போதாது. மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்கிற துறைதான் சமூக வலைப்பின்னல் ஆய்வு.

புள்ளியும் கோடும்

இந்தத் துறையின் அடிப்படை மிக எளியது. ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. இருவருக்கிடையே உள்ள உறவு ஒரு கோடு. உறவு எதுவாகவும் இருக்கலாம்: கடன் கேட்பது, பெண் கொடுப்பது, போனில் பேசுவது, ஒரே குழுவில் இருப்பது. 1736இல் கணிதமேதை ஆய்லர், கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒருமுறை மட்டும் கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா என்ற புதிரைப் புள்ளியும் கோடுமாக மாற்றி, முடியாது என்று நிறுவினார். அந்தக் கணிதத்தை மனிதர்கள்மேல் பொருத்திப் பார்த்த முன்னோடி ஜேக்கப் மொரேனோ. 1932இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில், சிறுமியர் சீர்திருத்தப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு வாரங்களில் 14 பேர் ஓடிப்போனார்கள். யார் யாருடன் நட்பு என்பதை மொரேனோ வரைந்து பார்த்தார். ஓடிப்போகும் எண்ணம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போன பாதை அந்தப் படத்தில் தெரிந்தது. ஒரு சிறுமியின் குணத்தைவிட, அந்த வலையில் அவள் நின்ற இடமே அவள் ஓடியதை நன்றாக விளக்கியது.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. மானிடவியலாளர் எலினார் பவர் தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் தங்கி, அவசரத்துக்குக் கைமாற்று யாரிடம் கேட்பீர்கள், யோசனைக்கு யாரிடம் போவீர்கள் என்றெல்லாம் வீடுவீடாகக் கேட்டு உதவி வலையை வரைந்தார். 2017இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, கோயில் வழிபாட்டில் தவறாமல் கலந்துகொள்பவர்கள், கடினமான நேர்த்திக்கடன்களைச் செலுத்துபவர்கள் ஆகியோரோடு மற்றவர்கள் உதவி உறவு கொள்வது கூடுதலாக இருந்தது. ஊர் அறிய ஒருவர் காட்டும் பக்தி, அவர் நம்பத்தக்கவர் என்ற சான்றாகவும் வேலை செய்கிறது. கிராமத்தில் நம்பிக்கை எங்கே சேர்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவும் அளக்கவும் முடியும் என்பதை இந்த ஆய்வு காட்டியது.

ஜவ்வாது மலையை இந்தக் கண்ணோடு பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலைமேல் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். ஊர்கள் சிறியவை, சிதறியவை. ஓர் ஊருக்குள் பங்காளி, மாமன், மச்சான் என்று எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. படத்தில் வரைந்தால் ஒவ்வோர் ஊரும் கோடுகள் நெருங்கிப் பின்னிய ஒரு முடிச்சாகத் தெரியும். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே கோடுகள் குறைவு: ஜமுனாமரத்தூர் சந்தை, ரேஷன் கடை, உண்டு உறைவிடப் பள்ளி, கொடுத்த பெண்ணும் எடுத்த பெண்ணும், வெளியூர் வேலைக்குப் போய் வருகிறவர்கள். அடிவாரத்து ஊர்களிலும் இதே அமைப்புதான். சாலையும் பேருந்தும் கூடுதலாக உண்டு. இந்த இருவகைக் கோடுகளும், நெருங்கியவையும் நீண்டவையும், ஒரே வேலையைச் செய்வதில்லை. இக்கட்டுரையின் மையச் செய்தி அதுதான்.

சேதி வரும் வழி

1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனை ஒட்டிய ஒரு புறநகரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர்கள், பார்த்தே வருடமான பழைய ஆட்கள் மூலம் சேதி வந்திருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. நம் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பருக்கும் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும். புதிய தகவல் வேறு முடிச்சிலிருந்துதான் வர வேண்டும். அதைக் கொண்டுவருவது மெல்லிய உறவு.

அந்த மெல்லிய கோடுகள் எத்தனை தேவை? மிகச் சிலவே போதும் என்று 1998இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும் இணைந்த ஒரு பெரிய வட்டத்தில், நூற்றில் ஓரிரு கோடுகளை மட்டும் எடுத்துத் தொலைவில் உள்ள புள்ளிகளோடு இணைத்தால், எந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலான தொலைவு மளமளவென்று குறைந்துவிடுகிறது. உள்ளூர் நெருக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2011இல் ஃபேஸ்புக்கின் 72 கோடிப் பயனர்களை வைத்துக் கணக்கிட்டபோது, இருவருக்கிடையே சராசரித் தொலைவு ஐந்து கண்ணிக்கும் குறைவு என்று வந்தது.

செல்போன் வருவதற்கு முன் ஒரு மலையூரை வெளியுலகோடு இணைத்த நீண்ட கோடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கோடுகள் மெதுவானவை. சந்தைக்குப் போனவர் திரும்பி வர வேண்டும். வரும்போது அவரிடம் கேள்வி கேட்கலாம்: நீ பார்த்தாயா, யார் சொன்னது, எந்த ஊரில்? வாட்ஸ்அப் குழு இந்தக் கோடுகளைப் பெருக்கியது, வேகப்படுத்தியது, கேள்வி கேட்கும் வாய்ப்பை எடுத்துக்கொண்டது. 2018இல் ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்க முடிந்தது. ஒருவர் ஐந்து குழுக்களுக்கு அனுப்பினால் 1,280 பேர். அந்த 1,280 பேரும் அதேபோல் அனுப்பினால், யாரும் இரு குழுக்களில் இல்லை என்று வைத்துக்கொண்டால், 16 லட்சத்தைத் தாண்டும். இரண்டே கண்ணிகளில் இவ்வளவு.

அப்படி வந்த சேதிகளில் ஒன்றின் பிறப்பிடம் பின்னர் தெரிந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்லும் காட்சி அது. பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தையைக் கடத்துவது எவ்வளவு எளிது பாருங்கள் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை யாரோ சுற்றுக்கு விட்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது.

பொய்க்கு வேகம் அதிகம் என்பதும் அளக்கப்பட்ட உண்மை. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூவர் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் கூடுதல். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் ஆனது. இதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமல்ல. அவை இரண்டையும் ஒரே வேகத்தில்தான் பரப்பின. பொய்யை முந்தவிட்டவர்கள் மனிதர்கள். பொய் புதுமையாக இருக்கிறது. திகைப்பும் அருவருப்பும் ஊட்டுகிறது. உடனே யாரிடமாவது சொல்லத் தோன்றுகிறது.

சேதி செயலாகும் வழி

கேள்விப்படுவது வேறு, நம்பிக் கை ஓங்குவது வேறு. ஒரு சேதியைக் கேட்க ஒரே ஒருவர் சொன்னால் போதும். அதன்மேல் செயல்படப் பெரும்பாலும் ஒருவர் சொன்னால் போதாது. பலரிடமிருந்து வர வேண்டும். சமூகவியலாளர் டேமன் சென்டோலா 2010இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1,528 பேரை இணையத்தில் ஓர் உடல்நலக் குழுமத்தில் சேர்த்து, சிலரை நெருங்கிப் பின்னிய வலைகளிலும், சிலரைத் தொலைதூரக் கோடுகளால் ஆன சிதறிய வலைகளிலும் வைத்தார். புதிய உடல்நலத் தளம் ஒன்றில் பதிவு செய்யும் பழக்கம் எங்கே அதிகம் பரவியது? சிதறிய வலையில் 38 சதவீதம் பேர். நெருங்கிய வலையில் 54 சதவீதம் பேர். ஒரே சேதி இரண்டு மூன்று தெரிந்தவர்களிடமிருந்து வரும்போது அது செயலாகிறது.

இப்போது குழுக்களின் கணக்குக்குத் திரும்புவோம். யாரும் இரு குழுக்களில் இல்லை என்று வைத்துக்கொண்டால் 16 லட்சம் என்றேன். உண்மையில் ஒரு கிராமத்தில் அப்படி இருக்காது. ஊர்க் குழு, சாதிசனக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, கிரிக்கெட் அணிக் குழு எல்லாவற்றிலும் அதே ஆட்கள்தான் கலந்திருப்பார்கள். இதனால் சேதி எட்டும் மனிதர்களின் எண்ணிக்கை குறைகிறது. ஒவ்வொருவரையும் அது எட்டும் தடவை கூடுகிறது. காலையில் ஊர்க் குழுவில் வந்தது, மதியம் மச்சான் அனுப்பினான், மாலையில் டீக்கடையில் பேசினார்கள், இரவில் சித்தி போன் செய்து பிள்ளையை வெளியே விடாதே என்றாள். நான்கு பேர் சொன்னதாக மனம் கணக்கு வைக்கிறது. நான்கு பேரும் பார்த்தது ஒரே வீடியோவை.

மனித மனம் இந்தக் கணக்கில் தவறுகிறது என்பதைப் பொருளியல் அறிஞர்கள் 2003இல் ஒரு கணித மாதிரியாக எழுதினார்கள். ஒரே தகவல் பல வழியில் சுற்றி வரும்போது, அது திரும்ப வந்தது என்பதை நாம் கழிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய சான்றாகவே எடுத்துக்கொள்கிறோம். 2016இல் கிறிஸ்டினா லெர்மனும் சக ஆய்வாளர்களும் இதற்குத் துணையான இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு வலையில் நிறையத் தொடர்புடைய சிலர் மட்டும் ஒரு கருத்தைக் கொண்டிருந்தாலே, அந்த வலையில் உள்ள பலருக்கும் ஊரே அப்படி நினைப்பதாகத் தோன்றும். அவரவர் கண்ணுக்குத் தெரியும் ஆட்களில் அந்தச் சிலர் எப்போதும் இருப்பதே காரணம்.

நெருக்கமான ஊர் என்பது நம் பண்பாட்டின் பெரும் செல்வம். பிரசவ வலி வந்தால் நள்ளிரவில் தூளி கட்டித் தூக்கி வருவது அந்த நெருக்கம்தான். பஞ்சத்தில் சாமையைப் பகிர்ந்துகொள்வது அதுதான். தவறான சேதி வரும்போது அதை ஊர்த் தீர்ப்பாக மாற்றுவதும் அதே நெருக்கம். மெல்லிய கோடு வழியாக வந்த பொய், நெருங்கிய கோடுகளுக்குள் சுற்றிச் சுற்றி உண்மையின் எடையைப் பெற்றுவிடுகிறது.

முதல் அடியும் இரண்டாம் அடியும்

ஊரே நம்பினாலும் ஊரே அடிப்பதில்லை. கூட்டத்தின் நடத்தையைப் பற்றி அதே கிரானோவெட்டர் 1978இல் இன்னொரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் எண் உண்டு என்று வைத்துக்கொள்வோம்: எத்தனை பேர் அடிக்கத் தொடங்கினால் நானும் அடிப்பேன் என்பதே அந்த எண். நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு எண் பூஜ்யம். யாரும் தொடங்காவிட்டாலும் அவர் தொடங்குவார். அடுத்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதலாமவர் கை ஓங்கினால் இரண்டாமவர் சேர்வார். இருவரைப் பார்த்து மூன்றாமவர் சேர்வார். கடைசியில் நூறு பேரும் அடிப்பார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம். எண் 1 உள்ளவரை எடுத்துவிட்டு, எண் 2 உள்ள ஒருவரை அங்கே நிறுத்துங்கள். முதலாமவர் அடிப்பார், ஒரே ஒருவரைப் பார்த்துச் சேரும் ஆள் இல்லை, சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

இரண்டு கூட்டத்திலும் மனிதர்கள் ஏறக்குறைய ஒன்றே. ஒரு கூட்டம் கொலைகாரக் கூட்டம், மற்றது வேடிக்கை பார்த்த கூட்டம் என்று மறுநாள் நாளிதழ் எழுதும். வேறுபாடு ஒரே மனிதரின் தயக்கம். எனக்கு இந்தத் துறை தந்த பாடங்களில் மிக முக்கியமானது இதுவே. கும்பல் என்பது ஓர் ஊரின் குணம் என்று எழுதிவிடுவது எளிது, அது தவறு. இரண்டாவதாகச் சேரக்கூடியவர், கொஞ்சம் பொறு, போலீசுக்குச் சொல்வோம் என்று சொன்னால் போதும். அந்த ஒருவர் கூட்டத்துக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முகம் தெரியாதவர் தடுத்தால் அவரும் கும்பலைச் சேர்ந்தவர் என்றே கருதப்படுவார்.

கட்டுப்பாடுகள் எதைச் செய்தன

2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம், பிறரிடமிருந்து வந்த சேதிகளுக்கு ‘ஃபார்வர்டு’ என்ற அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய சேதிகளை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அத்தகைய சேதிகளின் சுற்று 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது.

பிரேசில், இந்தியா, இந்தோனேசியா நாடுகளின் பொது வாட்ஸ்அப் குழுக்களை 2019இல் ஆராய்ந்த குழு ஒன்று இந்த வரம்புகளை எடைபோட்டது. வரம்பு சேதியைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் மிக வேகமாகத் தொற்றும் தன்மை கொண்ட சேதியை நிறுத்துவதில்லை என்பது அவர்கள் முடிவு. தாமதம் சிறிய பயனல்ல. மறுப்புச் சொல்ல வேண்டியவர்களுக்கு அது நேரம் தருகிறது. ஆனால் நிறுவனம் பூட்டக்கூடியது நீண்ட கோடுகளைத்தான். ஊருக்குள் டீக்கடைக்கும் திண்ணைக்கும் இடையே ஓடும் நெருங்கிய கோட்டில் எந்த நிறுவனமும் வரம்பு போட முடியாது.

2023 மார்ச்சில் இதே அமைப்பு எதிர்த்திசையில் இயங்கியதையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று, தொடர்பில்லாத வீடியோக்களைக் காட்டி வடமாநிலங்களில் வதந்தி பரவியது. தொழிலாளர்களின் குடும்பங்கள் பதறின. பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை இந்தியிலேயே மறுப்பு வெளியிட்டது. பயப்படுபவர் எந்த வலையில் இருக்கிறாரோ, அந்த வலையின் மொழியில் உண்மை போய்ச் சேர வேண்டும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கோடு இல்லாத இடத்தில் நிற்பவர்

வலையில் கோடு அதிகமானால் ஒரு வகை ஆபத்து. குறைந்தால் வேறொரு வகை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், அவர்களில் ஜவ்வாது மலையையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள் பலர். பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டவர்களும் அவர்களில் உண்டு என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள்.

சமூகவியலாளர் ரொனால்ட் பர்ட் 1992இல் எழுதிய நூலில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு கூட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பற்றிப் பேசினார். அந்த வெற்றிடத்தில் நிற்பவருக்கு இரு பக்கத்துத் தகவலும் தெரியும். இரு பக்கத்துக்கும் அவரை விட்டால் வேறு வழியில்லை. அவர் சொல்வதே கூலி, அவர் சொல்வதே வேலை. செம்மரக் கடத்தலில் தரகர் நிற்கும் இடம் அதுதான். மலையிலிருந்து வேலைக்குப் போகிறவருக்குத் தெரிந்தது முன்பணம் கொடுத்த மேஸ்திரியை மட்டும். மேஸ்திரிக்கு மேலே யார், மரம் எந்தத் துறைமுகம் வழியாக எந்த நாட்டுக்குப் போகிறது, வாங்குபவர் யார் என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. பிடிபட்டால் அவர் சொல்ல முடிவது ஒரு பெயர்தான். வலையின் மேல்முனை அதனாலேயே பாதுகாப்பாக இருக்கிறது. தோட்டா வலையின் அடிமுனையில் பாய்கிறது.

இதற்குத் தீர்வும் வலையின் அமைப்பிலேயே இருக்கிறது. தரகர் ஒருவரைத் தவிர வேறு வழிகளும் இருந்தால் அவருடைய பிடி தளரும். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வேலை ஒழுங்காகக் கிடைப்பது, சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் நேரடிச் சந்தை, வெளியூர் வேலைக்குப் போகிறவர் முதலாளியை நேரடியாக அறிவது, ஆபத்தில் அழைக்கத் தொழிலாளர் துறையில் ஒரு தொலைபேசி எண். ஒவ்வொன்றும் மலையூரிலிருந்து வெளியே போகும் இன்னொரு கோடு.

வலையை வரைவதிலும் ஆபத்து

வலையைப் படிப்பவர்களுக்கே ஓர் எச்சரிக்கை தேவை. யாருக்கு யாரைத் தெரியும் என்ற பட்டியல் ஒருவரை ஆட்டிவைக்கும் ஆயுதமாகிவிடும். உடனடிக் கடன் தரும் செல்போன் செயலிகள் இதைக் கண்கூடாகக் காட்டின. கடன் வாங்குபவரின் போனில் உள்ள தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் மாமனாருக்கும் மேலாளருக்கும் பள்ளித் தோழிக்கும் இழிவான சேதி அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் தொடக்கூடாது என்று தடுத்தன.

ஒரு செயலி வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் தரவு திரட்டப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் இதன் அளவு உலகளாவியது. 2018இல் ஃபேஸ்புக் தந்த கணக்குப்படி, இந்தியாவில் அந்தச் செயலியைத் தம் கணக்கில் சேர்த்தவர்கள் 335 பேர். நண்பர்கள் என்ற கோடு வழியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் சுமார் 5.62 லட்சம் பேர். நம் தனியுரிமை நம் கையில் மட்டும் இல்லை. நம்மைத் தெரிந்தவர்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது.

பெயரை அழித்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2009இல் அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவ் என்ற கணினி அறிஞர்கள், பெயர் நீக்கிய ட்விட்டர் வலையை ஃபிளிக்கர் வலையோடு ஒப்பிட்டு, இரண்டிலும் கணக்கு உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை அடையாளம் கண்டார்கள். பிழை 12 சதவீதம் மட்டுமே. கோடுகளின் அமைப்பே கைரேகை போல ஆளைக் காட்டிக்கொடுத்தது. இலட்சக்கணக்கானோர் உள்ள தளத்திலேயே இந்த நிலை என்றால், ஒரே ஓர் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே ஒரு கடைக்காரரும் உள்ள மலையூரில் பெயரை மறைத்து என்ன பயன்? மலையில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் அந்த மக்களுக்கு அவர்கள் மொழியில் இதை விளக்கி, சம்மதம் பெற்ற பிறகே ஒரு கோடும் வரைய வேண்டும்.

அதே வலை, நல்ல சேதி

ஆபத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்ளோ, மேத்யூ ஜாக்சன் ஆகியோர் கர்நாடகக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். வலை முழுவதையும் வரைய ஏராளமான செலவாகும். அதற்குப் பதிலாக ஊராரிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்: இந்த ஊரில் ஒரு சேதியைப் பரப்ப வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும்? ஊரார் சொன்ன பெயர்கள், முழு வலையையும் வரைந்து கணக்கிட்டால் கிடைக்கும் மையப் புள்ளிகளோடு பொருந்தின. யாரும் படம் வரைந்து பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 213 கிராமங்களில் நடந்த சோதனையில், இப்படிக் குறிப்பிடப்பட்டவர்களிடம் சொன்ன சேதி மற்றவர்களிடம் சொன்னதைவிட அதிகமாகப் பரவியது. அரியானாவில் குழந்தைத் தடுப்பூசி பற்றிய தகவலை இத்தகையவர்கள் மூலம் அனுப்பியபோது தடுப்பூசிகளின் எண்ணிக்கை 22 சதவீதம் உயர்ந்தது.

ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒவ்வோர் ஊரும் பதில் சொல்லும். சில ஊரில் ஊர்ப் பெரியவர், சில ஊரில் கிராம செவிலியர், சில ஊரில் சுயஉதவிக் குழுத் தலைவி, சில ஊரில் மளிகைக் கடைக்காரர். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தப் பெயர்களை வதந்தி வந்த பிறகு தேடக் கூடாது. அமைதிக் காலத்திலேயே அவர்களோடு நேரடித் தொடர்பு வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அவர்கள் அழைக்க ஓர் எண், எடுத்துப் பேச ஒரு மனிதர், அரை மணி நேரத்துக்குள் நம்பத்தகுந்த பதில். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

வாசகரிடம் கேட்க வேண்டியது இன்னும் எளியது. குழுவில் பயமுறுத்தும் சேதி வந்தால், எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று எண்ணாதீர்கள். அவர்களில் எத்தனை பேர் தம் கண்ணால் பார்த்தார்கள் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் விடை பூஜ்யமாக இருக்கும். அப்போது அதை அனுப்பாமல் விடுவதோடு நிற்காமல், எங்கே பார்த்தீர்கள், யார் பார்த்தது என்று அதே குழுவில் வெளிப்படையாகக் கேளுங்கள். உங்கள் ஊர்க் குழுவில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அங்கே எடை உண்டு. வழி கேட்டு நிற்கும் அந்நியரைக் காப்பாற்றும் ஆற்றல் எந்த நிறுவனத்தையும்விட அந்தக் கேள்வியைக் கேட்பவரிடமே அதிகம் இருக்கிறது.